டீயும் பாவும்

என் வியாதிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயரைக் கேட்டதும் முதலில் சிரிப்புதான் வந்தது. ‘டீ அண்ட் டோஸ்ட்’. தனியாக இருக்கிற வயதான பெண்கள் சமைக்கச் சலித்துக்கொண்டு டீயும் ரொட்டியுமாகவே நாளை ஓட்டி, கடைசியில் ரத்தத்தில் உப்பு இறங்கிப்போய் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கிறார்களாம். டாக்டர் என்னிடம் இதைச் சொன்னபோது குற்றம் பிடிக்கிற தொனி இல்லை, அவருக்கு இது அடிக்கடி பார்க்கிற கேஸ். நான் டோஸ்ட் தின்றதில்லை. எங்கள் பம்பாய்ச் செம்பூரில் டோஸ்டுக்குப் பதில் பாவ் என்கிற பன். மற்றபடி எல்லாப் பொருத்தமும் சரியாக இருந்தது.

என் பெயர் செல்லக்கனி. எழுபதைத் தாண்டிவிட்டேன். நானும் என் வீட்டுக்காரரும் தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்தோம். தெரு முழுக்க அரிசியும் பருப்பும் என் கையால்தான் அளந்து போகும். அவர் போன பிறகு கடையைக் கொடுத்துவிட்டு, செம்பூரில் ஒரு ரூம், ஒரு கிச்சன் வீட்டுக்கு வந்தேன். மகன் ரவிக்கு தாணேயில் வீடு, வி.டி. ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். மருமகள் கவிதாவுக்கு வேலை பெங்களூருக்கு மாறிவிட்டதால் அவளும் பிள்ளையும் போன வருஷத்திலிருந்து அங்கே. ஆக, குடும்பம் மூன்று ஊரில் மூன்று அடுப்பு என்று ஆகிவிட்டது.

நான் சமையலை ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் அரைக்கிறது போனது. முட்டி வலியோடு மிக்ஸி முன்னால் நிற்க முடியவில்லை. அப்புறம் தேங்காய் துருவுகிறது போனது. தேங்காய் இல்லாத குழம்பு எதற்கு என்று குழம்பும் போனது. குழம்பு இல்லாத சோறு இறங்குமா? அதுவும் போனது. ‘ஒருத்திக்கு என்னத்தப் பொங்க?’ என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். பதில் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அந்தக் கேள்வியே பதிலாகிவிடும். காலையில் சைக்கிளில் பாவ்வாலா வருவான். ஒட்டினபடி இருக்கிற ஒரு லாதி பாவ் வாங்கினால் இரண்டு நாளைக்கு வரும். ஒரு டம்ளர் டீ போட்டு, அதில் பாவை முக்கி, அடுப்படியிலேயே நின்றுகொண்டு தின்றுவிட்டால் வேலை முடிந்தது. கழுவுவதற்கு ஒரு டம்ளர்தான்.

போதாக்குறைக்கு, எனக்குப் பிரஷர் இருக்கிறது. தெருமுனை டிஸ்பென்சரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ‘நமக் கம் கரோ’ என்றார். உப்பைக் குறை என்று அர்த்தம். நான் குறைக்கவில்லை, அடியோடு விட்டேன். எப்போதாவது கஞ்சி வைத்தாலும் உப்பில்லாமல்தான். ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து வீட்டு சுனந்தாவிடம் கொடுத்துவிட்டேன். சொன்ன பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற நோயாளி அந்த டாக்டருக்கு வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ரவி தினமும் சாயங்காலம் ட்ரெயினில் இருந்து போன் பண்ணுவான்.

“சாப்பாடு ஆச்சாம்மா?”

“ஆச்சு.”

“மாத்திரை?”

“ஆச்சு.”

“சரி, வைக்கட்டா?”

அவ்வளவுதான் பேச்சு. நான் பொய் சொல்லவில்லை. டீயும் பாவும் உள்ளே போன பிறகுதான் ஆச்சு என்பேன். ஆச்சு என்றால் முடிந்தது. என்ன முடிந்தது என்று அந்தச் சொல்லில் கிடையாது. தமிழில் இவ்வளவு வசதியான சொல் இன்னொன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

விழுவதற்குச் சில நாள் முன்பிருந்தே தலை கனத்தது. நடந்தால் தரை ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. சுனந்தாவின் பெயர் நாக்கில் வராமல் நின்றேன். வயசு என்று விட்டுவிட்டேன். அன்று கதவில் தொங்கின பையில் பால் பாக்கெட் மத்தியானம் வரைக்கும் எடுக்காமல் கிடந்ததைச் சுனந்தாதான் பார்த்திருக்கிறாள். அவளிடம் ஒரு சாவி உண்டு. திறந்து வந்தால் நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன ஆச்சு அக்கா என்று மராத்தியில் கேட்டிருக்கிறாள். ‘கடையைச் சாத்தியாச்சு, நாளைக்கு வா’ என்று நான் தமிழில் சொன்னேனாம்.

ஐ.சி.யூ. நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பியைத் தராசு என்று நினைத்து நர்ஸிடம் சண்டை போட்டிருக்கிறேன். கேட்டதற்கெல்லாம் தமிழிலேயே பதில் சொன்னதால் பக்கவாதமோ என்று சந்தேகப்பட்டு தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் இருந்தது, சோடியம் பாதாளத்தில் கிடந்தது.

டாக்டர் பின்னால் விளக்கினதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சோடியம் என்றால் ரத்தத்தில் இருக்கிற உப்பு. உப்பும் தண்ணீரும் ஒரு அளவில் இருந்தால்தான் உடம்பு நடக்கும். என் பிரஷர் மாத்திரை உப்பைச் சிறுநீரில் இறக்கிவிடுகிற வகை. நான் சாப்பாட்டில் உப்பு சேர்க்கவில்லை. பருப்பு, முட்டை, தயிர் என்று உடம்புக்குப் பலம் தருகிற எதையும் தொடவும் இல்லை. உள்ளே போனதெல்லாம் டீயும் தண்ணீரும். ரத்தம் நீர்த்துப்போய், அந்தத் தண்ணீர் மூளைக்குள் ஊறி வீங்க வைத்துவிட்டது. அதனால்தான் புத்தி தடுமாறியது. இதை அவசரப்பட்டு ஏற்றவும் கூடாதாம், ஏற்றினால் மூளைக்கே ஆபத்தாம். அதனால் சொட்டுச் சொட்டாக மருந்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பது, குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. நாக்கு வறண்டு கிடக்கும், பக்கத்திலேயே தண்ணீர் இருக்கும், கேட்டால் சிஸ்டர் தலையை ஆட்டுவாள். அந்த மாதிரி ராத்திரி யாருக்கும் வேண்டாம்.

புத்தி தெளிந்து வார்டுக்கு மாற்றின பிறகுதான் நான் பெரிய கூத்து ஒன்று செய்தேன். காலையில் ரவுண்டு வந்த டாக்டர் என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, ‘மாவ்ஷி, நமக் கம் ஹை’ என்றார். மாவ்ஷி என்றால் சித்தி. நான் பெருமையாகத் தலையாட்டினேன். மத்தியானம் தட்டு வந்தது. கிச்சடி, பருப்பு, மோர், ஒரு வாழைப்பழம். மோரில் ஒரு வாய் குடித்தேன், நல்ல உப்பு. இவர்களே உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு இவர்களே அள்ளிப் போடுகிறார்களே என்று தட்டைத் தள்ளிவிட்டு, வாழைப்பழத்தை மட்டும் தின்றேன். ராத்திரியும் அப்படியே. மறுநாள் ரத்தத்தில் சோடியம் எண் ஏறவில்லை. டாக்டர் மறுபடி ‘நமக் கம் ஹை’ என்றார். நான் மறுபடி தலையாட்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் மைமூன் பீவி. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறைக்காரர் வீட்டு அம்மா, மேலப்பாளையத்துப் பேச்சு. காலில் புண்ணுக்காகப் படுத்திருந்தாள். இரண்டு நாளாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏக்கா, எதுக்குத் தட்டத் தள்ளுதிய?”

“உப்புக் கெடக்கு. டாக்டரு உப்பக் கொறைக்கச் சொல்லிட்டாரு, கேட்டியல்லா?”

“அட, எங்க அக்கா! அவரு உப்பக் கொறைங்கன்னா சொன்னாரு? உப்பு கொறஞ்சி போச்சுங்காரு. நமக் கம் கரோ வேற, நமக் கம் ஹை வேற. பம்பாய்க்கு வந்து எத்தன நாளாச்சு ஒங்களுக்கு?”

நான் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். கடையில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஹிந்தியில்தான் பேரம். ‘கம்’ என்ற சொல்லை என்னைவிட அதிகமாகக் கேட்டவர்கள் தாராவியிலேயே இருக்க மாட்டார்கள். உப்பு என்று வந்ததும் அந்த ஹிந்தி எங்கே போனது என்று தெரியவில்லை. மைமூன் வயிறு குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வார்டில் நான் முதல் தடவை சிரித்தது அப்போதுதான்.

அன்றிலிருந்து தட்டில் வந்ததைத் தின்றேன். எண் மெல்ல ஏறியது.

ஆனால் நாலு மணிக்கு நோயாளிகளைப் பார்க்க ஆட்கள் வருகிற நேரம் மட்டும் எனக்கு ஆகவே இல்லை. மைமூன் கட்டிலைச் சுற்றி மருமகள்கள், பேத்திகள், பட்டறைப் பையன்கள் என்று கூட்டம் நிற்கும். டிபன் கேரியரைத் திறந்தால் வார்டே மணக்கும். என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடக்கும். சுனந்தா வீட்டு வேலைகளை முடித்துவிட்டு ஒரு நடை வந்து போவாள். ரவி ஆபீஸ் விட்டுத்தான் வர முடியும். ‘ஒங்க கூட யாருமில்லையா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடப்பேன். மைமூன் புரிந்துகொண்டாள். அவள் மருமகள் இடியாப்பத்தை ஒரு தட்டில் வைத்து, ஒன்றும் பேசாமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். கண்ணை மூடிக்கொண்டே அழுவது எனக்கு அங்கேதான் பழகியது.

ரவி வந்தால் முதலில் பில் கவுண்டருக்கு, அப்புறம் இன்சூரன்ஸ்காரனுக்கு, அப்புறம்தான் என்னிடம். இளைத்திருந்தான். அலைச்சல் என்று நினைத்தேன். ஒரு நாள் அவன் இருக்கும்போதே டயட்டீஷியன் வந்தாள், பிராச்சி என்ற சின்னப் பெண். யாருக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்கிற வேலை அவளுக்கு.

“மாவ்ஷி, வீட்டில் சாப்பாடு எப்படி?” என்று ஹிந்தியில் கேட்டாள்.

“ஹோ ஜாதா ஹை” என்றேன். அதெல்லாம் ஆயிரும் என்று.

“என்ன ஆயிரும்?”

நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“எல்லா மாவ்ஷிகளும் இதைத்தான் சொல்கிறீர்கள், ஹோ ஜாதா ஹை. சாப்பாடு தன்னால் நடக்குமா? பண்ணினால்தானே நடக்கும்? நேற்று முன்தினம் இல்லை, விழுந்த அன்றைக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள், அதைச் சொல்லுங்கள்.”

அவள் சொன்னதை மனசுக்குள் தமிழில் மாற்றிப் பார்த்தேன். தானா ஆகாது, ஆக்கினால்தான் ஆகும். கேலிக்குப் பிறந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் கண்ணில் கேலி இல்லை. சொன்னேன். டீயும் பாவும். அதற்கு முந்தின நாள்? டீயும் பாவும். அதற்கு முந்தின நாள்? ரவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் போன பிறகு கேட்டான். “தெனமும் ஆச்சுன்னு சொன்னியேம்மா.”

“ஆச்சுல்லா? சும்மாவா கெடந்தேன்?”

அவன் வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டு வந்தான். வந்தவன் நேரே சொன்னான்.

“வீட்டப் பூட்டிருவோம்மா. தாணேக்கு வந்துரு.”

சோடியம் இறங்கியபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. பூட்டின வீடு திரும்பத் திறக்காது என்று எனக்குத் தெரியும். முதலில் பூட்டு, அப்புறம் வாடகைக்கு, அப்புறம் விற்பனை. என் வயதுக்காரிகள் பத்துப் பேருக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

“தாணேல யாருல இருக்கா? காலைல நீ போனா ராத்திரிதான் வருவ. அந்த மாடி உசரத்துல நான் சன்னல்ல பறவ பாத்துக்கிட்டா இருக்கணும்? இங்க சுனந்தாவாது இருக்கா.”

“ஒனக்குச் சாப்பாடு பண்ணி ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டுப் போவேன்.”

“நீயா? நீ சமைக்கியா?”

அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு, “பண்ணிக்கிடலாம்” என்றான்.

டாக்டரும் அவன் பக்கம்தான். என்னைத் தனியாக அனுப்ப இஷ்டமில்லை என்றார். கடைசியில் பிராச்சிதான் வழி சொன்னாள். வீட்டில் என்ன சமைப்பேன் என்று அவளுக்கு நம்பிக்கை வருகிற மாதிரி நான் சொல்ல வேண்டும். போய்ச் செய்ய வேண்டும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் இறங்காமல் இருந்தால் நான் என் வீட்டில் இருக்கலாம். இறங்கினால் தாணே. ரவி சம்மதித்தான். மாத்திரையையும் டாக்டர் மாற்றிக் கொடுத்தார்.

நான் விடுவேனா? சாம்பார், அவியல், ரசம், புளிக்குழம்பு, இரண்டு பொரியல் என்று வாயாலேயே ஒரு கல்யாணப் பந்தி போட்டேன். பிராச்சி பேனாவை மூடிவிட்டாள்.

“மாவ்ஷி, இது ஆறு பேர் வீட்டுச் சாப்பாடு. உங்களால் அடுப்பு முன்னால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?”

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. யோசித்தேன். “குக்கர் ரெண்டாவது விசில் அடிக்கறதுக்குள்ள உக்காந்துருவேன்.”

“அப்போ ரெண்டு விசிலுக்குள் முடிகிற சமையல்தான் உங்கள் சமையல். மீதி எல்லாம் உட்கார்ந்து செய்கிறது.”

அப்படித்தான் என் சமையல் மாறியது. வீட்டுக்கு வந்ததும் ரவி ஒரு குட்டி குக்கர் வாங்கி வைத்தான். சுனந்தா ஒரு உயரமான ஸ்டூல் தந்தாள். மேஜையில் உட்கார்ந்து பீர்க்கங்காயோ சுரைக்காயோ நறுக்குவேன். ஒரு டப்பாவில் ஒரு கை அரிசி, அரைக் கை பாசிப்பருப்பு, நறுக்கின காய், மஞ்சள், சீரகம், டாக்டர் சொன்ன அளவு உப்பு, தண்ணீர். கழுவின முட்டை ஒன்று குக்கர் அடியில் ஊற்றின தண்ணீரில், மேலே டப்பா. எழுந்து நின்று அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், அப்புறம் அணைக்க வேண்டும். நிற்கிற வேலை அவ்வளவுதான். திறந்தால் சோறு, பருப்பு, காய், முட்டை எல்லாம் ஒன்றாக வந்துவிடும். ஒரு ஸ்பூன் நெய், ஒரு கிண்ணம் தயிர். தேங்காய் இல்லையே என்று நாக்கு முதல் இரண்டு நாள் முணுமுணுத்தது, அப்புறம் வாயை மூடிக்கொண்டது.

என் வயசுக்காரிகளுக்கு இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் உப்பை அள்ளிப் போடுங்கள் என்று சொல்லவில்லை, உங்கள் உப்பை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சமைப்பதும் கஷ்டம் இல்லை. தட்டு வைப்பதுதான் கஷ்டம். பாவை நின்றுகொண்டே தின்றுவிடலாம், அதற்குத் தட்டு வேண்டாம். தட்டு வைத்து உட்கார்ந்தால்தான் எதிரே ஆள் இல்லாதது தெரிகிறது. வீட்டுக்கு வந்த முதல் நாள் சூடான சோற்றைப் போட்டுக்கொண்டு அது ஆறுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷம் எதிரே உட்கார்ந்து, உப்பு போதுமா என்று கேட்காமலே தின்றுவிட்டு எழுந்து போன மனுஷனை நினைத்தேன். அவரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். இதற்கு பிராச்சியிடமும் மருந்து இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எண் சரியாக இருந்தது. டாக்டர் ‘பஹுத் அச்சா’ என்றார். இந்தத் தடவை எனக்குச் சரியாகவே புரிந்தது. வீடு என் கையில் நின்றுவிட்டது. வரும் வழியில் சுனந்தாவுக்கு இரண்டு பேடா வாங்கி வந்தேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல ட்ரெயினில் இருந்து ரவி போன் பண்ணினான். பிராச்சி அவனுக்கும் ஒரு பாடம் சொல்லியிருந்தாள். ஆச்சா என்று கேட்கக் கூடாது, என்ன என்று கேட்க வேண்டும். அவன் இப்போது அப்படித்தான் கேட்பான்.

“என்ன சாப்பாடும்மா இன்னைக்கு?”

“இன்னும் வைக்கல. அரிசி, பருப்பு, பீர்க்கங்கா, டப்பால போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு முட்ட.”

“சரிம்மா. ரிப்போர்ட்டு நல்லா வந்தது சந்தோசம். வைக்கட்டா?”

ஜெயித்த தெம்பில் இருந்தேன். இன்னும் கொஞ்சம் பேசலாம் போல இருந்தது.

“எய்யா, ஒனக்குச் சாப்பாடு ஆச்சா?”

“ஆச்சும்மா.”

என் கை டப்பாவிலேயே நின்றது. அந்த ‘ஆச்சு’ எனக்குத் தெரிந்த ஆச்சு. அதே வேகம், அதே தொனி, அடுத்த கேள்வி வருவதற்குள் கதவைச் சாத்துகிற அதே அவசரம். இத்தனை மாதம் அதைச் சொன்னவள் நான்தானே, எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் இளைத்திருந்த முகமும், நாற்காலிக் கைப்பிடியைப் பார்த்த கண்ணும் இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“ஆச்சுன்னா, என்ன ஆச்சு?”

போனில் ட்ரெயின் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த ஸ்டேஷன் தாதர் என்று அறிவிப்புக் குரல் மூன்று பாஷையில் சொல்லி முடித்தது.

“என்ன சாப்ட்ட, அதச் சொல்லு.”

“விடும்மா.”

“நேத்து?”

சின்னப் பிள்ளையில் மாட்டிக்கொண்டால் பேசுகிற அதே குரலில் சொன்னான்.

“டீயும் பாவும்.”

நான் அரிசி டின்னைத் திறந்து டப்பாவில் இன்னொரு கை போட்டேன். பருப்பும் போட்டேன். முட்டை இன்னொன்று எடுத்துக் கழுவினேன்.

“குர்லால எறங்குல” என்றேன். “எறங்கி செம்பூர் வண்டியப் பிடி.”